பனிச்சறுக்கு பைண்டிங்: எந்த விசையில் காலை விட வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறீர்கள். நான்கு பேர் சேர்ந்து, சாதாரண டிரெக்கிங் ஷூவையே ஸ்கீ பலகையில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு பைண்டிங் செய்யப்போகிறீர்கள். குல்மார்க், அவுலி போன்ற பனிமலைகளுக்குச் சறுக்கப் போகிறவர்கள் கனமான வாடகை பூட்ஸைத் தேடி அலைய வேண்டாம் என்பது உங்கள் எண்ணம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு கிளாம்ப் வரைந்து வைத்திருக்கிறீர்கள். "என்ன விசை வந்தாலும் ஷூ கழன்றுவிடக் கூடாது. அதற்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தகட்டுக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேரே லேத் பட்டறைக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் வரைந்தபடி செய்தால் ஷூ கழலாது, தகடு வளையாது, காலெலும்புதான் முறியும். ஷூவை எப்படிப் பிடிப்பது என்று யோசித்திருக்கிறீர்கள். எந்தத் திசையில், எந்த விசையில் அதை விடுவது என்பதுதான் வடிவமைக்க வேண்டிய விஷயம். மீதி எல்லாம் அதற்குப் பிறகு வருகிறது.

நான் தேவகோட்டைக்காரன். படித்தது காரைக்குடியில். பிறகு 9 ஆண்டுகள் தெற்கு ஜெர்மனியில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பைண்டிங்குகளை இயந்திரக் காலில் மாட்டி, முறுக்கி, அது விடும் கணத்தின் விசையை அளந்து எழுதுவதுதான் என் அன்றாட வேலை. பைண்டிங்கைப் புதிதாக வடிவமைத்தவன் நான் இல்லை. அடுத்தவர் வடிவமைத்தது எங்கே தவறுகிறது என்று பார்த்தவன். மருத்துவனும் இல்லை. எலும்பு, முட்டி பற்றிச் சொல்லும்போது அந்த எல்லைக்குள் நின்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஐயா வண்டி வைத்திருந்தார். நுகத்தடியில் மாட்டைப் பூட்டும் பூட்டாங்கயிற்றை அவர் எப்படிக் கட்டுவார் என்று சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க மாடு இழுத்தாலும் அவிழாது. ஆனால் மாடு கால் இடறி விழுந்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். விழுந்த மாட்டின் கழுத்தில் நுகத்தின் பாரம் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பார். சோதனைக் கூடத்தில் முதல் வாரம் எனக்கு வேலையை விளக்கியபோது அந்த முடிச்சுதான் நினைவுக்கு வந்தது. மாட்டுக்கு, அவிழ்க்கிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். பனியில் விழுகிறவனுக்கு அப்படி யாரும் இல்லை. அவன் காலில் ஏறும் விசையே அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரும் உங்களைப் போலத்தான் யோசித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோந்த்ரே நூர்ஹைம் வில்லோ மரத்தின் முறுக்கிய குச்சிகளால் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகை காலோடு திரும்பியது, திருப்பங்கள் சாத்தியமாயின. 1894-இல் ஃப்ரிட்ஸ் ஹூய்ட்ஃபெல்ட் இரும்புக் காதுகளை வைத்தார். பிறகு குதிகாலைச் சுற்றி கேபிள் வந்தது. ஒவ்வொரு படியிலும் பிடிப்பு இறுகியது, கூடவே கால் முறிவும் பெருகியது. 1937-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யால்மர் வாம் என்ற நார்வேக்காரர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் மயக்கம் தெளிந்ததும் காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி, தானாகக் கழலும் முன்பிடி ஒன்றை வரைந்தார் என்று சொல்வார்கள். தானாக விடுவிக்கும் பைண்டிங்கின் கதை அங்கே தொடங்குகிறது. 1950-இல் பிரான்ஸில் லுக் நிறுவனத்தின் நெவாடா, அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹான்னஸ் மார்க்கர் செய்த டூப்லெக்ஸ் எல்லாம் அதே வழியில் வந்தவை.

இன்று மலைச்சரிவில் இறங்குவோர் பயன்படுத்தும் பைண்டிங் இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு பூட்ஸின் விரல் பக்கத்தைப் பிடிக்கிறது. கால் முறுக்கும்போது அது பக்கவாட்டில் திறந்து விடுகிறது. பின்துண்டு குதிகாலைப் பிடிக்கிறது. முன்னால் குப்புற விழும்போது அது மேல்நோக்கித் திறக்கிறது. இந்த இரண்டு திசையும் ஏன்? கணைக்கால் எலும்பு இரண்டு விதமாகத்தான் பெரும்பாலும் முறிந்துகொண்டிருந்தது. பலகை நீளமான நெம்புகோலாகி எலும்பைத் திருகுவது ஒன்று, பூட்ஸின் மேல்விளிம்பில் எலும்பு வளைந்து முறிவது இன்னொன்று. வளைவை எலும்பு ஓரளவு தாங்கும். திருகலை அந்த அளவுக்குத் தாங்காது.

எண்களுக்கு வருவோம். ஆளின் எடை, உயரம், வயது, சறுக்கும் விதம், பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றை வைத்து விடுவிக்கும் அளவைத் தேர்ந்தெடுக்க ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 67 முதல் 78 கிலோ எடையுள்ள, மெதுவாகச் சறுக்கும் ஒருவருக்குத் திருகல் சுமார் 43 நியூட்டன் மீட்டர், முன்சாய்வு சுமார் 165 நியூட்டன் மீட்டர். நடுத்தர வேகக்காரர் என்றால் ஒரு வரி மேலே, 50-க்கும் 194-க்கும் போகும். வேகமாகப் போகிறவர் என்றால் இன்னொரு வரி மேலே. 50 வயதைத் தாண்டியவருக்கு ஒரு வரி கீழே இறங்க வேண்டும். பைண்டிங்கின் சிறு சன்னலில் தெரியும் எண்ணைக் கடைகளில் டின் (DIN) மதிப்பு என்பார்கள். அது ஏறக்குறைய திருகல் அளவைப் பத்தால் வகுத்தது. நம் ஆளுக்கு 4 முதல் 5-க்குள் வரும்.

43 நியூட்டன் மீட்டர் என்றால் கையில் எவ்வளவு கனம்? பூட்ஸின் அடிநீளம் 310 மில்லிமீட்டர், குதிகால் பக்கம் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் சுமார் 139 நியூட்டன், அதாவது 14 கிலோ இழுப்பு. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்குவதற்கும் குறைவான விசை. அவ்வளவு வந்ததுமே முன்துண்டு காலை விட்டுவிட வேண்டும். குதிகாலில் 165-ஐ அதே 0.31 மீட்டரால் வகுத்தால் 530 நியூட்டன் சொச்சம், 54 கிலோ. இது தோராயக் கணக்குதான். உண்மையில் சுழலும் அச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் உங்கள் 3 மில்லிமீட்டர் தகட்டைப் பற்றிய கவலை ஏன் தேவையில்லை என்று இதிலேயே தெரிகிறது அல்லவா? இவ்வளவு சிறிய விசையை, மழையிலும் பனியிலும், ஆயிரம் முறை ஒரே மாதிரி அளந்து விடுவதுதான் கஷ்டமான காரியம்.

இப்போது டிரெக்கிங் ஷூ. உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் ஊர் வீடுகளில் வளவில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ரப்பர் செருப்போடு நடந்தால் அதே கல் கவ்விப் பிடிக்கும். பைண்டிங்கிலும் அதேதான் நடக்கிறது. 75 கிலோ ஆளின் முழு எடையும் முன்பாதத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த இடம் குதிகால் அச்சிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர். ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே உராய்வுக் கெழு 0.5 என்றால், 750 நியூட்டன், அதில் பாதி 375, அதை 0.2-ஆல் பெருக்கினால் 75 நியூட்டன் மீட்டர். நீங்கள் ஸ்பிரிங்கை 43-க்கு வைத்திருக்கிறீர்கள். உராய்வு மட்டுமே 75-ஐத் தின்றுவிடுகிறது. மொத்தம் 118 ஆகும்வரை கால் விடுபடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டாலும்கூட 75 வரை விடாது!

இதனால்தான் சரிவில் இறங்கும் பூட்ஸின் அடி கெட்டியான பிளாஸ்டிக். அதன் விரல் பக்க விளிம்பு 19 மில்லிமீட்டர் உயரம், சுமார் 69 மில்லிமீட்டர் அகலம் என்று ஐஎஸ்ஓ 5355-இல் வரையறை செய்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் பூட்ஸும் எந்த நிறுவனத்தின் பைண்டிங்கிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்பதற்காக. பூட்ஸின் முன்பாதத்துக்குக் கீழே பைண்டிங்கில் ஒரு டெஃப்லான் பட்டையோ, பக்கவாட்டில் நகரும் சிறு தகடோ இருக்கும். உராய்வுக் கெழு 0.08-க்கு இறங்கினால் அதே கணக்கு 12 நியூட்டன் மீட்டராகிவிடும். பார்க்க அற்பமான ஒரு பட்டை. என் அனுபவத்தில் பைண்டிங்கில் அதைவிட முக்கியமான உறுப்பு இல்லை. எடை முழுதும் முன்பாதத்தில் நிற்பது மோசமான நிலைமை, எல்லா விழுதலிலும் அப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வடிவமைப்பை மோசமான நிலைமைக்குத்தான் செய்ய வேண்டும்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயமில்லை. ஜெர்மனி போன இரண்டாவது குளிர்காலத்தில் நானே சறுக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். ஒரு வாடகைக் கடையில் பூட்ஸ் எடுத்தேன். பலர் கார் நிறுத்துமிடத்தில் நடந்து நடந்து அதன் விரல் பக்க அடி தேய்ந்து, சிராய்ந்து, மேடுபள்ளமாக இருந்தது. மாட்டியபோது கடைக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குழந்தைகள் பழகும் சரிவில், நடக்கிற வேகத்தில், ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தேன். பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பைண்டிங் விடவே இல்லை. எலும்பு திருகி முறிந்தபோது கேட்ட சத்தம் இன்றும் நினைவில் இருக்கிறது. பல வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். வேகமாக விழுந்தால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மெதுவாக விழும்போது விசை நிதானமாக ஏறி, நீண்ட நேரம் நிற்கிறது. எலும்புக்கு அது கண்ணிமைக்கும் நேர அதிர்ச்சியைவிட மோசமானது.

அந்தக் கண்ணிமைக்கும் நேர அதிர்ச்சிதான் வடிவமைப்பின் மறுபாதி. கெட்டிப்பட்ட பனியில் பலகை தடதடக்கும்போது சில மில்லிவினாடிகளுக்கு 14 கிலோவைத் தாண்டிய விசை வரும். காலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பைண்டிங் அதற்கே விட்டுவிட்டால், ஆள் ஒற்றைக் காலோடு மரத்தை நோக்கிப் போவார். தேவையில்லாமல் விடுவதும் ஆளைக் கொல்லும். அதனால் நல்ல பைண்டிங் விசை வந்த உடனே திறப்பதில்லை. முன்துண்டு பூட்ஸோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓரளவு தூரம் நகர்ந்துகொடுக்கும். அதற்குள் விசை இறங்கிவிட்டால் பூட்ஸை மறுபடி நடுவுக்கு இழுத்துவரும். இறங்காவிட்டால்தான் விடும். அதிர்ச்சியில் வரும் ஆற்றல் என்பது விசையைத் தூரத்தால் பெருக்கியது. உங்களுக்கு விசையைக் கூட்ட அனுமதியில்லை. எனவே தூரத்தைக் கூட்டுங்கள்.

ஸ்பிரிங் தேர்வும் இங்கிருந்துதான் வருகிறது. உதாரணத்துக்கு, முன்துண்டின் சுழல் முளையிலிருந்து பூட்ஸ் தொடும் இடம் 50 மில்லிமீட்டர் என்று வைப்போம். 140 நியூட்டனுக்கு 7 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங் அழுத்தும் முகம் முளையிலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஸ்பிரிங் விசை 500 நியூட்டன் வேண்டும். மாணவர்கள் வழக்கமாக இங்கே குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் ஒன்றைப் போடுவார்கள், இடம் மிச்சமாகுமே என்று. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே விசை எகிறிவிடும். திருகைக் கால் சுற்று திருப்பினால் டின் மதிப்பு இரண்டு எண் தாவும். மாறாக நீளமான, மென்மையான ஸ்பிரிங்கை எடுத்து, நிறைய அழுத்தி உட்கார வையுங்கள். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் உள்ள ஸ்பிரிங்கை 20 மில்லிமீட்டர் அழுத்தி வைத்தால் 500 வந்துவிடும். திறக்கும்போது இன்னும் 8 மில்லிமீட்டர் அழுந்தினால் 700-க்குத்தான் ஏறும். முன்துண்டு சுழலச் சுழல நெம்புகரம் குறையும்படி முகத்தைச் சாய்த்துவிட்டால் அந்த ஏற்றத்தையும் சமன் செய்யலாம். காரைக்குடியிலேயே ஸ்பிரிங் சுற்றித் தருவார்கள். கம்பியின் விட்டமும் சுற்று எண்ணிக்கையும் நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள், கையிருப்பில் இருப்பதை வாங்காதீர்கள்.

பலகை வளையும் என்பதையும் மறக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது பலகை வில்லாக வளைகிறது. பூட்ஸ் வளையாது. முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் இடைவெளி குறைந்து பூட்ஸ் நசுங்கும், விடும் விசை மாறிவிடும். அதனால்தான் பின்துண்டு ஒரு தண்டவாளத்தில், ஸ்பிரிங்கின் மேல், முன்னும் பின்னும் நகரும்படி இருக்கிறது. நீங்கள் வரைந்த ஒரே துண்டுத் தகட்டை முன்னும் பின்னும் பலகையில் திருகினால் பலகையே அந்த இடத்தில் வளைய முடியாது.

சரி, அப்படியானால் டிரெக்கிங் ஷூவுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் முதலில் எங்கே சறுக்கப்போகிறார்கள் என்று முடிவுசெய்ய வேண்டும். சமவெளியிலும் மெல்லிய சரிவிலும் நடந்து சறுக்குவதற்கு விரல் பக்கத்தை மட்டும் பிடித்துக் குதிகாலை விட்டுவிடலாம். நார்வேயில் 1927-இல் ப்ரூர் வித் செய்த ரொட்டஃபெல்லா என்ற பைண்டிங் இந்த வகைதான். ரொட்டஃபெல்லா என்றால் எலிப்பொறி. பின்னால் இது 75 மில்லிமீட்டர் அகலமும் மூன்று முளையும் கொண்ட பொது அளவாகப் பரவியது. அல்தாய் மலைமக்கள் இன்றும் அடியில் குதிரைத்தோல் ஒட்டிய அகலப் பலகையில் தோல்வாரால் காலைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். குதிகால் தூக்க முடிவதால் முன்சாய்வு விசை எலும்பில் அவ்வளவாக ஏறாது. திருகல் இருக்கும். ஆனால் மென்மையான ஷூ, குட்டைப் பலகை, குறைந்த வேகம் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். வளையும் தகடு ஒன்றில் ஷூவை வார்களால் கட்டி, தகட்டின் முன்முனையைக் குட்டையான பலகையில் கீல் போட்டுப் பொருத்தினால், டிரெக்கிங் ஷூவோடு பழகலாம். உங்கள் எண்ணத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். உங்கள் புராஜெக்டாக இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும் என்றால் டிரெக்கிங் ஷூ ஆகாது. பைண்டிங்கை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆகாது. கணுக்காலுக்கு மேலே கெட்டியான ஓடு இல்லாவிட்டால் பலகையின் விளிம்பைப் பனியில் அழுத்தித் திருப்ப முடியாது. விழும்போது விசை கணுக்காலில் போய் நிற்கும். அட்டவணையில் உள்ள எண்கள் கெட்டியான பூட்ஸை நம்பி, கணைக்கால் எலும்பை மனதில் வைத்து எழுதியவை. மென்மையான ஷூவுக்கு அவற்றை எடுத்துப் போடக் கூடாது.

இடையில் ஒரு வழி உண்டு, பொறியியல் ரீதியாக எனக்குப் பிடித்தது. ஷூவை ஒரு கெட்டியான தகட்டில் கட்டிவிடுவது, விழும்போது ஷூவோடு தகடும் சேர்ந்து பலகையிலிருந்து கழல்வது. ஷூவின் ரப்பர் அடி கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறது. உராய்வு தகட்டுக்கும் பலகைக்கும் இடையில்தான், அங்கே நீங்கள் விரும்பிய பொருளை வைக்கலாம். 1970-களில் சுவிட்சர்லாந்தின் கெர்ட்ச், அமெரிக்காவின் பர்ட் போன்றவை இந்த வகையில் வந்தன. பூட்ஸின் அடி ஒரே தரத்துக்கு வந்த பிறகு கூடுதல் எடையையும் உயரத்தையும் சுமக்க யாருக்கும் விருப்பமில்லை, சந்தையிலிருந்து போய்விட்டன. எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் உங்களுக்கு இது நல்ல பாடம். ஆனால் சோதனை மேசையில் வைத்துக் காட்டுவதற்கு மட்டும். ஆளை ஏற்றாதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் முடிவாகாதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் முட்டி. கணைக்கால் முறிவு விஷயத்தில் பைண்டிங் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஒரே சறுக்குமலையில் 1972 முதல் பல பத்தாண்டுகள் காயங்களை எண்ணிவந்தார்கள். எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகியோர் செய்த அந்த ஆய்வில் கணைக்கால் முறிவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே காலத்தில் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் கிழிவது குறையவில்லை, ஒரு கட்டத்தில் கூடவே செய்தது. பின்னால் சாய்ந்து உட்காரும் நிலையில் விழும்போது பலகையின் வால் பகுதி நெம்புகோலாகி முட்டியைத் திருகுகிறது. அந்தப் பக்கவாட்டு விசை குதிகாலுக்குப் பக்கத்தில் ஏறுவதால் விரல் பக்க முன்துண்டுக்கு அது சரியாகத் தெரிவதே இல்லை. குதிகாலும் பக்கவாட்டில் திறக்கும் பைண்டிங்குகள் வந்திருக்கின்றன. இயக்கவியல் கணக்கில் அந்த யோசனை நியாயமானது. சரிவில் நிஜமாகவே காயத்தைக் குறைக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு வரவில்லை. அதனால் உங்கள் அறிக்கையில் "முட்டியைக் காக்கும்" என்று ஒரு வரியும் எழுதாதீர்கள்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. முழுதும் ஸ்டெயின்லெஸ் என்றால் கனம் கூடும். சந்தையில் இருப்பவை அலுமினிய வார்ப்பு, கண்ணாடி இழை கலந்த நைலான், எஃகு ஸ்பிரிங் கலந்தவை. ஒரு ஜோடி சுமார் 2 கிலோ. ஸ்பிரிங் துருப்பிடிப்பதும் கிரீஸ் குளிரில் இறுகுவதும் விடும் விசையை மாற்றிவிடும். அரிப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் எங்கும் போக வேண்டாம், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பலகையில் திருகு ஏற்றுவதற்கு ஒரு வார்த்தை: உள்ளே மரம், மேலே கண்ணாடி இழை, சிலவற்றில் அலுமினியத் தகடு. ஆழம் 9 மில்லிமீட்டர்தான், தாண்டினால் அடியில் வெளியே வந்துவிடும். உலோகத் தகடு உள்ள பலகைக்கு 4.1 மில்லிமீட்டர் துளை, இல்லாததற்கு சுமார் 3.5. துளைக்குள் நீர்புகாத பசை விட்டுத் திருக வேண்டும், இல்லையென்றால் பனிநீர் இறங்கி மரம் ஊறிவிடும். தேக்குக் கதவுக்குத் திருகு ஏற்றிப் பழகிய நம் ஊர் ஆசாரி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் எப்போது "பிடித்துவிட்டது", எப்போது "அறுந்துவிட்டது" என்று அவர் கைக்குத் தெரியும்.

இன்னொன்று, பிரேக். கால் விடுபட்டதும் பலகை மட்டும் அம்பு போலச் சரிவில் இறங்கும், கீழே நிற்பவரின் காலை முறிக்கும். முன்பு வாரால் காலோடு கட்டிவைத்தார்கள். விழுந்தவரைச் சுற்றிச் சுழன்று அதே பலகை அவரையே வெட்டியது. பூட்ஸ் அழுத்தும்போது மடங்கியும், விட்டதும் பக்கங்களில் இறங்கிப் பனியில் குத்தியும் நிற்கும் இரண்டு கம்பிதான் அதற்குத் தீர்வு. உங்கள் வரைபடத்தில் அது இல்லை. சேருங்கள்.

இங்கே பனி இல்லையே, எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பனி இல்லாமலே பெரும்பகுதியைச் செய்யலாம். முதலில் நன்றாகச் செய்த ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஸ்கீ பைண்டிங் கிடைக்காவிட்டால் பந்தய சைக்கிளின் கிளிப் பெடல் ஒரு ஜோடி வாங்குங்கள். அதே லுக் நிறுவனம் ஸ்கீ பைண்டிங்கின் யோசனையை எடுத்து 1984-இல் கொண்டுவந்தது அது. அடுத்த வருடமே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி ஃபிரான்ஸை வென்றார். குதிகாலைத் திருப்பினால் கழலும், நேராக இழுத்தால் கழலாது. எந்தத் திசையில் விடுவது, எந்தத் திசையில் பிடிப்பது என்பதைப் படிக்க அதைவிட மலிவான பாடப்புத்தகம் இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, முகங்களின் சாய்வை அளந்து வரையுங்கள்.

பிறகு ஒரு மரக்காலைச் செய்யுங்கள். ஷூவுக்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி அடியும், முன்பாதத்துக்கு நேர் மேலே ஒரு இரும்புக் குழாயும். குழாயின் மேல் 75 கிலோ மணல் மூட்டையை ஏற்றிக் கட்டுங்கள். விரல் நுனியில் கயிறு கட்டி, மண்டியில் பயன்படுத்தும் தொங்கு ஸ்பிரிங் தராசால் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். விடும் கணத்தில் தராசு காட்டிய எண்ணை எழுதுங்கள். இடப்பக்கம் 30 முறை, வலப்பக்கம் 30 முறை. சராசரி 14 கிலோவாக இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு இழுப்பும் அதிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது என்று நான் வைத்துக்கொள்வேன். இது தரநிலையின் எண் இல்லை, என் சொந்த அளவுகோல். அப்புறம் மூட்டை இல்லாமல் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உராய்வு. பைண்டிங்கை நனைத்து, ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டு டீப் ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். அது சுமார் மைனஸ் 18 டிகிரி இருக்கும், நல்ல குளிர்தான். எடுத்த சில நிமிடங்களுக்குள் இழுத்துப் பாருங்கள். எங்கள் கூடத்தில் அறை வெப்பத்தில் அழகாகத் தேறிய மாதிரி ஒன்று, குளிர்ப் பெட்டியிலிருந்து வந்ததும் விடவே மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். கிரீஸ்தான் காரணம்.

முதல் இரண்டு வாரம் எதையும் லேத்தில் கடையாமல் இந்த மரக்காலை மட்டும் செய்துவிட்டு, உங்களிடம் இருக்கும் டிரெக்கிங் ஷூவை வெறும் இரும்புத் தகட்டின் மேல் வைத்து, மூட்டையை ஏற்றி, தராசால் இழுங்கள். ஸ்பிரிங் வேண்டாம், கிளாம்ப் வேண்டாம். குதிகாலுக்கு ஒரு முளை மட்டும் போதும். பிறகு தகட்டுக்கும் ஷூவுக்கும் நடுவில் டெஃப்லான் தாள் ஒன்றை வைத்து மறுபடி இழுங்கள். இரண்டு பட்டியலையும் இங்கே போடுங்கள், ஷூவின் அளவையும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகு ஸ்பிரிங் கணக்கை நாம் சேர்ந்து போடலாம்.